வெள்ளைப் புள்ளி

"டீச்சரம்மா, இதுவும் செத்துப்போச்சு."

பலவேசம் ஆசாரி விளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் குமிழ் இன்னும் சுட்டது. அவர் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நேரம் எரிஞ்சது?"

"அரை மணி. அதுக்கும் கொஞ்சம் கம்மி."

"இழை எங்க அறுந்திருக்கு?"

"இடது கால்ல. வளைவுக்குக் கீழ."

"அறுறதுக்கு முன்னால என்ன பாத்தீங்க?"

"ஒரு வெள்ளைப் புள்ளி."

எஸ்தர் ஒரு பனையோலை நறுக்கை நீட்டினாள். அவர் அதையெல்லாம் அதில் எழுதினார். ஓலையை விளக்கின் கழுத்தில் நூலால் கட்டி, கொட்டகையின் குறுக்குக் கழியில் தொங்கவிட்டார்.

அங்கே ஏற்கெனவே இருபத்திரண்டு தொங்கின.

செத்த விளக்கை எறியக் கூடாது என்பது அந்தக் கொட்டகையின் வழக்கம். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்ளும். ஓலைகள் சரசரக்கும். கேட்டுக்கொண்டே வேலை செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

*

கொட்டகை ஒரு பருத்தி அரவை ஆலைக்குப் பின்னால் இருந்தது. ஆலையின் நீராவி எஞ்சின் ஒரு டைனமோவையும் சேர்த்து ஓட்டியது. டைனமோவிலிருந்து ஒரு கம்பி கொட்டகைக்கு வந்தது. இன்னொரு கம்பி மதிலைத் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனது.

மின்சார விளக்குகள் அப்போது சீமையிலிருந்து கப்பலில் வரும். பாதி உடைந்து வரும். மீதி முதலாளி வீட்டுக்குப் போகும்.

எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். பாடத்துக்காகக் கண்ணாடிக் குழாய் ஊதப் பழகினாள். பிறகு குமிழ் ஊதினாள். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஊதிப் பாத்தேன், நின்னுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பலவேசத்துக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் தங்கக் கம்பி இழுத்தவர், ஒருநாள் குமிழுக்குள் எரிகிற கம்பியைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போகவில்லை.

அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். எஞ்சின் டிரைவர் மாசிலாமணிக்கு இதில் தீராத சிரிப்பு.

"குருவே சீடனை அண்ணாச்சிங்கிற ஊரு உலகத்துல இது ஒண்ணுதான் வேய்."

"உமக்கு எஞ்சினைப் பாக்குற வேலை இல்லையா?"

"அது பாட்டுக்கு ஓடுது. உம்ம விளக்கு மாதிரியா? இன்னைக்கு எத்தனை சாவு?"

பலவேசம் ஒரு விரலைக் காட்டினார்.

"ஒண்ணுதானா? பொழுது இன்னும் கெடக்கு."

*

விளக்குக்கு உயிர் ஒரு கரி இழை.

பனை மட்டையின் நாரைக் கிழித்து, சீவி, லாடம் போல வளைப்பார்கள். கரித்தூளுக்குள் புதைத்து, மூசை என்னும் மூடிய மண்கலத்தில் ஒரு பகல் முழுக்க வேகவைப்பார்கள். மறுநாள் திறந்தால் நார் கரியாகியிருக்கும். தலைமயிர் கனம். தும்மினால் போய்விடும். அதைக் குமிழுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, கண்ணாடியை உருக்கி வாயை மூடினால் விளக்கு.

மங்கலாக எரியவிட்டால் நாற்பது மணி நேரம் இருக்கும்.

முழு வெளிச்சத்தில் அரை மணி.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும்.

*

"பதினஞ்சு நாள்தான் பொறுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகை வாசலிலேயே நின்று சொன்னார். "அதுக்கு மேல போனா அவ கட்டைவிரலும் மடங்கினபடியே ஒட்டிப்போயிரும்."

அவள் என்றால் தங்கபுஷ்பம். அரவை ஆலையில் வேலை பார்த்தவள். புரட்டாசியில் அவளுடைய வலது கை உருளைக்குள் போய்விட்டது.

அன்று ஆஸ்பத்திரியில் எரிந்தது பலவேசம் செய்த முதல் விளக்கு.

கையைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் அது அணைந்தது. அரிக்கேன் விளக்கை உள்ளே கொண்டுவர வழியில்லை. அறை முழுக்க மயக்க மருந்தின் ஆவி. தீயைக் கண்டால் அது பற்றிக்கொள்ளும். டாக்டரம்மா சன்னலோரம் கிடைத்த வெளிச்சத்தில் முடிந்ததைச் செய்தார். இரண்டு விரல்கள் போயின.

"இப்ப மழைக்காலம்" என்றார் டாக்டரம்மா. "பகல்லயே அறைக்குள்ள இருட்டிக் கெடக்கு. நல்ல விளக்கு இருந்தா மயக்க மருந்து கொடுத்து அந்தக் கையை மறுபடி அறுவை செய்வேன். இல்லேன்னா அரிக்கேன் வச்சுத்தான் செய்யணும்."

"அரிக்கேன் வச்சா மயக்க மருந்து?" என்று கேட்டார் பலவேசம்.

"கொடுக்க முடியாது."

"பிறகு எப்படி?"

"நாலு பேரு அவளைப் பிடிச்சுக்கிடணும்."

டாக்டரம்மா போய்விட்டார். பலவேசம் எஸ்தரைப் பார்த்தார். அவள் ஒரு கண்ணாடிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா டீச்சரம்மா?"

"கேட்டேன்."

"நான் என்ன செய்ய?"

"நாரைக் கிழிங்க."

*

முதலில் அவர் காற்றைக் குற்றம் சொன்னார்.

"உள்ள இன்னும் காத்து இருக்கு. அதுதான் இழையைத் தின்னுது."

"எடுத்தீங்கதானே?"

"தோள்பட்டை கழண்டு போற வரைக்கும் எடுத்தேன்."

எடுப்பது என்றால் பாதரசக் குடுவையைக் கையால் ஏற்றுவது, இறக்குவது, ஏற்றுவது, இறக்குவது. ஒரு விளக்குக்கு முந்நூறு தடவை.

எஸ்தர் ஒரு வெறும் குழாயை எடுத்துக் கொடுத்தாள். "உள்ள என்ன இருக்கு?"

அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துணியால் துடைத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல."

அவள் குழாயின் அடியைத் தீயில் காட்டினாள். கொஞ்ச நேரத்தில், குளிர்ந்திருந்த கழுத்துப் பக்கம் பனி படர்ந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

அன்று முதல் காற்றை எடுக்கும்போது குமிழைச் சுட வைத்துக்கொண்டே எடுத்தார். கண்ணாடி தனக்குள் குடித்து வைத்திருந்ததைக் கக்கியது.

அடுத்த விளக்கு நாற்பது நிமிடம் எரிந்தது.

"பத்து நிமிஷம் கூடியிருக்கு" என்றாள் எஸ்தர்.

"பிறகு செத்துட்டுதே."

"புள்ளி?"

"இருந்துச்சு."

ஓலை நறுக்கை நீட்டினாள்.

*

பிறகு அவர் நாரைக் குற்றம் சொன்னார்.

புகை பிடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எரிகிற விளக்கை அதன் வழியே பார்ப்பார். வெறும் கண்ணுக்கு இழை முழுவதும் ஒரே வெளிச்சம்தான். கறுத்த கண்ணாடி வழியே பார்த்தால் இழை ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அதில் எங்கேயாவது ஓரிடத்தில், கடுகில் பாதி அளவில், ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கேதான் இழை மெலிந்திருக்கும். அங்கேதான் சூடு கூடுதல். அங்கேதான் அறும்.

"சமமா ஒரு இழை இருந்தாப் போதும் டீச்சரம்மா. ஒரே ஒரு இழை."

தங்கமாக இருந்தால் தகட்டுத் துளையில் விட்டு இழுத்துவிடுவார். துளை என்ன கனமோ கம்பியும் அதே கனம், முதலிலிருந்து முடிவு வரை. நாரை அப்படி இழுக்க முடியாது. ஆகவே அவர் கத்தியால் சீவினார். மெலிந்த இடம் எதுவோ அந்தக் கனத்துக்கு மற்ற இடங்களையெல்லாம் குறைத்துக்கொண்டு வந்தார். நூறு நாரில் ஆறு தேறியது. ஆறும் வெந்து வந்தபோது ஒவ்வொன்றிலும் புதிதாக ஓரிடம் மெலிந்திருந்தது.

மாசிலாமணி எட்டிப் பார்த்தார். ஆசாரியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது.

"விடும் வேய். அஞ்சு விரலும் ஒண்ணு போலவா இருக்கு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

*

எட்டாம் நாள் எஸ்தர் கழியை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, முப்பத்தொண்ணு தொங்குது."

"ம்."

"ஓலை முப்பதுதான் இருக்கு."

பலவேசம் நிமிராமல் நாரைச் சீவினார். "அது முதல் விளக்கு. அன்னைக்கு நீங்க ஊர்ல இல்ல. எழுதணும்னு எனக்குத் தோணல."

"இப்பத் தோணுமே."

"தண்ணி தீந்துபோச்சு" என்று சொல்லி அவர் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

குடத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

*

ஒன்பதாம் நாள் மழையோடு எஸ்தர் ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"என்னது அது?"

"பெட்ரோல். ஆலை மானேஜர் மோட்டார் வண்டிக்கு ஊத்துறது."

"மறுபடியும் எண்ணெய் விளக்குக்கே போயிட்டோமா?"

எஸ்தர் சிரித்தாள். அந்த மாதத்தில் முதல் தடவை.

ஒரு பழைய சீமைப் பத்திரிகையில் அவள் ஏதோ படித்திருந்தாள். பாதிப் பக்கம் கிழிந்த பத்திரிகை. மீதிப் பாதியைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

கரி இழை ஒன்றைக் கண்ணாடி ஜாடிக்குள் மாட்டினாள். காற்றை எடுக்கச் சொன்னாள். எடுத்து முடிந்ததும் பாட்டிலின் குழாயை ஒரு கணம் திறந்து மூடினாள். பெட்ரோலின் ஆவி உள்ளே போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப மின்சாரத்தைக் கொடுங்க."

பலவேசம் இரண்டடி பின்னால் போனார். "பெட்ரோலுக்குள்ள நெருப்பா?"

"எரியணும்னா காத்து வேணும். உள்ள காத்து இல்ல."

"நிச்சயமாத் தெரியுமா?"

"கிழியாத பாதியில அப்படித்தான் போட்டிருந்தது."

அவர் மின்சாரத்தைக் கூட்டும் கைப்பிடியை ஒரு நெல் அளவு நகர்த்தினார். இழை சிவந்தது. இன்னொரு நெல் அளவு. ஆரஞ்சானது. கறுத்த கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

"புள்ளி தெரியுது டீச்சரம்மா."

"தெரியட்டும். ஏத்துங்க."

"ஏத்துனா அறுந்துரும்."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது."

அவர் கை நகரவில்லை. முப்பது வருஷம் தங்கத்தைத் தொட்ட கை. மெலிந்த இடம் தெரிந்தால் மெதுவாகப் போக வேண்டும் என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

கால் மணி நேரம் போனது. இழை சிவந்தபடி இருந்தது. புள்ளி புள்ளியாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவர் கைப்பிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

எஸ்தர் கடிந்துகொள்ளவில்லை.

"இந்த இழை இப்படியே எத்தனை நாள் இருக்கும் அண்ணாச்சி?"

"நான் ஏத்தாத வரைக்கும் இருக்கும்."

அவள் தலையாட்டினாள். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

*

பலவேசம் தனியாக நின்றார். மேலே முப்பத்தொரு விளக்குகள் இடித்துக்கொண்டன.

கைப்பிடியைப் பிடித்தார். தள்ளினார்.

இழை பளீரென்று எரிந்து அறுந்தது.

அவர் உட்கார்ந்து ஓலை எழுதினார். எழுதி முடித்து, இன்னோர் இழையை ஜாடிக்குள் மாட்டினார். முந்நூறு தடவை ஏற்றி இறக்கினார். ஆவியை விட்டார். கைப்பிடியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடாமல் கறுத்த கண்ணாடியை வைத்துக்கொண்டு தள்ளினார்.

புள்ளி வெளுத்தது. இன்னும் வெளுத்தது. இழையில் வேறெதுவும் இல்லை, அந்தப் புள்ளி மட்டும்தான் இருக்கிறது என்பது போல எரிந்தது.

பிறகு சுருங்கியது.

கண்ணில் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்தார். முண்டுத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புள்ளி இன்னும் சின்னதாகியிருந்தது. பிறகு ஆரஞ்சானது. பிறகு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, இழையை எடுத்து, பழைய பட்டறை லென்ஸில் பார்த்தார். இழை முழுக்க ஏதோ மெல்லப் படிந்திருந்தது, எஃகு போன்ற மினுமினுப்போடு. மெலிந்திருந்த இடத்தில் மட்டும் அது கெட்டியாகப் படிந்திருந்தது.

மழையில் ஓடினார்.

"டீச்சரம்மா!"

எஸ்தர் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். அவர் நனைந்துகொண்டே நின்றார். பேச்சு ஒழுங்காக வரவில்லை.

"அதுக்கு எப்படித் தெரியும்? எந்த இடம் மெலிஞ்சதுன்னு அந்த ஆவிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பிறகு?"

"சூடான இடத்துல ஆவியில உள்ள கரி படியும். அவ்வளவுதான்."

"மெலிஞ்ச இடத்துலதான் சூடு."

"ஆமா."

"முழுசா ஏத்தினாத்தான் அந்தச் சூடு வரும்."

"ஆமா."

பலவேசம் தன் கைகளைப் பார்த்தார். நார் சீவிய கத்தியின் தழும்பு விரல்களில் வரிவரியாக இருந்தது.

"ஒரு இடம் மெலிஞ்சிருக்குன்னு நான் மத்த இடத்தையெல்லாம் சீவிக்கிட்டு இருந்திருக்கேன்."

எஸ்தர் தட்டைக் கீழே வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

*

நாலு நாளில் பன்னிரண்டு விளக்குகள் செய்தார்கள். முழு வெளிச்சத்தில் எரியவிட்டார்கள். இரண்டு மணி நேரம். நாலு மணி நேரம். ஆறு.

"இன்னைக்கு எத்தனை சாவு வேய்?"

"ஒண்ணுமில்ல."

மாசிலாமணி பன்னிரண்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்ப இனிமே உம்மகிட்ட நான் என்னத்தைப் பேச?" என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போனார்.

*

பதினாலாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கே அறுவை.

"ரெண்டு விளக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் எஸ்தர்.

பலவேசம் போகவில்லை. கழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். முக்காலியைப் போட்டு ஏறி, ஓரத்தில் தனியாகத் தொங்கிய முதல் விளக்கை இறக்கினார். துடைத்தார். தூசி நிறைய இருந்தது.

"ஓலை கொடுங்க டீச்சரம்மா."

அவள் கொடுத்தாள்.

எழுத நேரமாயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள்.

பலவேசம் செய்தது. இருபது நிமிடம் எரிந்தது. வலது காலில் அறுந்தது. முந்தின நாள் ஏற்றிப் பார்த்தபோதே புள்ளியைப் பார்த்தேன். மானேஜர் முதல் எல்லாரும், சீமை விளக்கு தோற்றது, என்ன வெளிச்சம் என்றார்கள். அந்த வெளிச்சம் அந்தப் புள்ளிதான். பேசாமல் இருந்துவிட்டேன்.

எஸ்தர் இரண்டாவது தடவையும் படித்தாள். ஓலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நூல் அங்க இருக்கு."

அவர் நூலை எடுத்தார். ஓலையில் கோத்தார். விளக்கின் கழுத்துவரை கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது.

"டீச்சரம்மா, இதை இங்க கட்டுனாப் போதுமா?"

எஸ்தர் வாசலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"மழை விட்டிருக்கு" என்றாள்.

*

ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கை தோளிலிருந்து தூளியில் தொங்கியது. முன்பின் பார்க்காவிட்டாலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

பலவேசம் விளக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"உள்ள இருக்கிறது விளக்கா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"ஆமா."

"நேத்து ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணி தரல. மயக்க மருந்து கொடுக்கணுமாம். கஞ்சி கேட்டா கம்பவுண்டரு என்னைத் திருடி மாதிரி பாக்காரு." அவள் பெட்டியைப் பார்த்தாள். "எரியுமா?"

"எரியும்."

"போன தடவை கொண்டாந்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அது வேற ஆளு, இல்லையா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நடைவழியில் வேறு யாரும் இல்லை.

"நான்தான்" என்றார்.

அவள் திரும்பி நேராகப் பார்த்தாள். பிறகு தூளியைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள் அவள். "என்ன எழுதியிருக்கு?"

பலவேசம் எழுத்துக்களைப் பார்த்தார். எழுதியது அவரே. இருமிவிட்டு வாசித்தார். பலவேசம் செய்தது. இருபது நிமிடம். வலது கால். முந்தின நாளே பார்த்த புள்ளி. எல்லாரும் நல்ல வெளிச்சம் என்றார்கள். கடைசி வரியை இரண்டு தடவை சொன்னார்.

"பேசாமல் இருந்துவிட்டேன்."

நடைவழியின் ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குப் பேசாம இருந்தீரு?"

"எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. அதை இன்னும் கொஞ்சநேரம் கேட்டுக்கிட்டு இருக்கணும் போல இருந்துச்சு."

அவள் இடது கையால் கட்டுத் துணியின் ஓரத்தைத் தடவினாள். அதன் உள்ளே மூன்று விரல்கள் இருந்தன.

"ஒரு மாசமா சாமியை ஏசிக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள்.

"என்னை ஏசுங்க."

அவள் ஏசவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதுல புள்ளி இருக்கா?" பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"இல்ல."

"எவ்வளவு நேரம் பாத்தீரு?"

"ஆறு மணி நேரம். கண்ணை எடுக்காம."

கதவு திறந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நேரமாச்சு. ஆசாரி, விளக்கைக் கொடுங்க. கம்பவுண்டர் பிடிச்சுக்கிடுவாரு. நீங்க இங்கேயே இருங்க."

பலவேசம் எழுந்து பெட்டியை நீட்டினார்.

தங்கபுஷ்பமும் எழுந்தாள்.

"கம்பவுண்டரு வேண்டாம்மா. இவரு வந்து பிடிக்கட்டும்."

"இவரா? இவர் கை நடுங்குறதைப் பாரு."

"நடுங்கட்டும்."

"ஏம்மா, வேற ஆளா இல்ல?"

"இவருக்குத்தான் புள்ளி தெரியும்" என்றாள் தங்கபுஷ்பம்.